எட்டுக் கிலோ வீரம்

போன வாரம் கீழராஜ வீதியில் ஓர் இரும்புக் கடைக்குத் தாழ்ப்பாள் வாங்கப் போயிருந்தேன். பக்கத்தில் ஓர் இளைஞர் சம்மட்டி கேட்டுக்கொண்டிருந்தார். தாத்தா காலத்து வீட்டை இடிக்கிறார்களாம், அஸ்திவாரக் கருங்கல்லை உடைத்து எடுக்க வேண்டுமாம். கடைக்காரப் பையன் தூக்கி வந்து வைத்தது எட்டுக் கிலோ தலை, இரும்புக் குழாய்க் காம்பு.

"இதாண்ணே ஸ்ட்ராங்கு. ரெண்டே அடி, கல்லு தூளு."

அவர் தூக்கிப் பார்த்தார். தூக்கும்போதே இடுப்பு ஒரு பக்கமாக ஒடிந்தது. ஓய்வு பெற்றவனுக்கு வாய் சும்மா இருக்காதே. "தம்பி, அது வேண்டாம்" என்றேன்.

"ஏன் சார், வெயிட்டா இருந்தாத்தானே உடையும்?"

இந்த ஒரு கேள்வியோடு எனக்கு முப்பது வருடச் சண்டை. அரசுப் பணியில் சாலை வேலைகளையும் பாலம் வேலைகளையும் மேற்பார்த்தவன் நான். இதே பேச்சை மேஸ்திரி சொல்லிக் கேட்டிருக்கிறேன், ஒப்பந்ததாரர் சொல்லிக் கேட்டிருக்கிறேன், படித்த பொறியாளர்களும் சொல்லியிருக்கிறார்கள்.

பள்ளிக்கூடத்துக் கணக்குதான். சம்மட்டியின் எடையை இரண்டு மடங்காக்கினால் அடியின் ஆற்றலும் இரண்டு மடங்காகும். வேகத்தை இரண்டு மடங்காக்கினால் ஆற்றல் நான்கு மடங்காகும். எட்டுக் கிலோவை நாலு கிலோவின் வேகத்தில் வீச முடிந்தவர் தாராளமாக வீசட்டும். முதல் அடி விழும், ஐந்தாவது அடியும் விழும். இருபதாவது அடியில் அவர் சம்மட்டியை வீசவில்லை, சம்மட்டி அவரை இழுத்துக்கொண்டு போகிறது. கனமே கூடாது என்று சொல்லவில்லை. பாறையில் இறக்கிய ஆப்பை அடிக்கக் கனம் வேண்டும்தான். ஆனால் அந்தக் கனம் எவ்வளவு என்பதை அடிப்பவரின் உடம்பு சொல்ல வேண்டும், கடைக்காரர் சொல்லக் கூடாது.

நார்த்தாமலைப் பக்கம் கல்லுடைப்பவர்களைப் பார்த்தவர்களுக்கு இது தெரியும். வரிசையாக உளியால் குழி எடுத்து, குழிக்கு ஒரு ஆப்பு வைத்து, ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு அளவாக அடித்துக்கொண்டே போவார்கள். ஒரே ஆப்பில் பலத்தைக் காட்ட மாட்டார்கள். சத்தம் மாறும்வரை பொறுமையாகச் சுற்றிச் சுற்றி அடிப்பார்கள். அவர்கள் கையில் நான் பார்த்த காம்பு பெரும்பாலும் மெல்லிய மூங்கில். வீசும்போது வளையும், அடியின் அதிர்ச்சியைத் தான் வாங்கிக்கொள்ளும். இரும்புக் குழாய் அந்த அதிர்ச்சியை அப்படியே மணிக்கட்டுக்கும் முழங்கைக்கும் தோளுக்கும் அனுப்பிவிடும். குழாய் உடையாது என்பது உண்மைதான், பிடித்தவன் உடைவான். மரக்காம்பு ஆடினால் தண்ணீரில் ஊறப்போடுகிற வழக்கம் ஒன்று உண்டு. அதுவும் ஏமாற்று வேலை. காய்ந்ததும் முன்பைவிட அதிகமாக ஆடும். ஆப்பைச் சரியாக இறக்கு, இல்லையென்றால் காம்பை மாற்று.

கையை விட்டுக் கண்ணுக்கு வருகிறேன். ஆப்பின் தலை அடிபட்டு அடிபட்டுக் காளான் மாதிரி விரிந்துவிடும். அந்த விளிம்பை ராவி எடுக்காமல் அடித்தால் இரும்புச் சில்லு தெறிக்கும். சம்மட்டியைச் சம்மட்டியால் அடித்தாலும் அப்படித்தான். என் மேற்பார்வையில் இருந்த ஒரு வேலையில் ஒருவருக்கு இடது கண் போனது. ஒப்பந்ததாரர் பெயர் இங்கே வேண்டாம். அன்று மாலை நான் அளவுப் புத்தகத்தில் எத்தனை கன மீட்டர் கருங்கல் என்று சரியாக எழுதினேன். கண்ணாடி கொடுத்தார்களா என்று எழுத அதில் இடம் இல்லை, நானும் கேட்டிருக்கவில்லை. இதை இத்தனை வருடம் யாரிடமும் சொன்னதில்லை.

இன்னொரு வேலையில் ஓர் அம்மா என்னிடம் வந்து கேட்டார். "சார், எனக்கு நாலு கிலோவுல ஒரு சம்மட்டி குடுக்கச் சொல்லுங்க. நானும் ஆப்பு அடிப்பேன்." மேஸ்திரி சிரித்தார். பெண்கள் உட்கார்ந்து சின்னச் சுத்தியலால் ஜல்லி உடைக்க வேண்டும், சம்மட்டி ஆண் வேலை. சம்மட்டி பிடித்தால் ஆண் கூலி கொடுக்க வேண்டுமே! எடையைக் கூலிக்கு அளவுகோலாக வைத்துவிட்டு, பெண்கள் தூக்க முடியாத சம்மட்டியை மட்டும் வாங்கிப் போட்டால் வேலை முடிந்தது. சம ஊதியச் சட்டம் 1976-இல் வந்தது. கொத்தடிமை ஒழிப்புச் சட்டமும் அதே ஆண்டுதான். இரண்டுமே அந்தக் கல்மேடு வரை ஏறி வரவில்லை.

பெண்களால் முடியாது என்பவர்கள் இந்த மாவட்டத்தில் இருந்துகொண்டு அதைச் சொல்வதுதான் வேடிக்கை. 1990-களின் தொடக்கத்தில், ஷீலா ராணி சுங்கத் கலெக்டராக இருந்த காலத்தில், இங்கே கல்லுடைக்கும் பெண்களின் குழுக்களுக்கே குவாரிகளைக் குத்தகைக்கு விட்டார்கள். அறிவொளியில் எழுத்துக் கூட்டியவர்கள், சைக்கிள் ஓட்டக் கற்றவர்கள், அவர்களில் பலர். பத்திரிகையாளர் சாய்நாத் இதைப் பற்றி விரிவாக எழுதியிருக்கிறார். ஒப்பந்ததாரர்கள் அதை எப்படி எதிர்த்தார்கள் என்பதையும் சேர்த்துத்தான். அந்த எதிர்ப்பு கல்லின் கனத்தைப் பற்றியதா, காசின் கனத்தைப் பற்றியதா என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

கடைக்குத் திரும்புவோம். அந்தத் தம்பியிடம் நாலு கிலோவில் மரக்காம்பு போட்டது ஒன்றை எடுக்கச் சொன்னேன். தோள் உயரத்துக்கு இருபது தடவை தூக்குங்கள், இருபதாவதும் முதலாவது மாதிரி இருந்தால் அது உங்களுடையது என்றேன். காலை அகட்டி நின்று, ஒரு கை காம்பின் அடியில், இன்னொரு கை தலைக்குப் பக்கத்தில். இறங்கும்போது மேல் கை வழுக்கிக் கீழ்க் கையோடு சேர வேண்டும், அழுத்தக் கூடாது, தலையை விழவிட வேண்டும். பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். கடைக்குள்ளேயே இருபதும் எண்ணினார். பதினாலில் எட்டுக் கிலோவைப் பார்த்துச் சிரித்தார்.

"கண்ணுக்குப் போடற பாதுகாப்புக் கண்ணாடி ஒண்ணும் குடுப்பா" என்றேன் கடைப் பையனிடம்.

"அதெல்லாம் வைக்கிறதில்ல சார். யாரும் கேக்க மாட்டாங்க."