எலி முதுகைத் தாண்டாத லேசர்

குறைதிறன் லேசர் பற்றிய ஆய்வுகளைத் தொடர்ந்து படிப்பவர்களுக்கு இந்தச் செய்முறை மனப்பாடம். எலியை மயக்கி, முதுகுத் தோலை 10 செ.மீ. நீளம், 3 அல்லது 4 செ.மீ. அகலத்தில் மூன்று பக்கம் வெட்டித் தூக்கி, அதே இடத்தில் திரும்பத் தைப்பார்கள். வெட்டாமல் விட்ட நான்காவது பக்கத்திலிருந்துதான் இந்தத் தோல் மடலுக்கு ரத்தம் வர வேண்டும். அது நுனிவரை எட்டாது. நுனி கறுத்துச் சாகும். சில எலிகளுக்கு லேசர் ஒளி, மற்றவற்றுக்கு அணைத்துவைத்த கருவி. ஏழாம் நாள் கறுத்த பரப்பை அளப்பார்கள். 1965-ல் மெக்ஃபார்லேன் குழு வகுத்த இந்த மாதிரியைப் பிரேசில் ஆய்வகங்கள் பலமுறை கையாண்டிருக்கின்றன. ஒளி பட்ட எலிகளில் கறுப்பு குறைவு என்பதே பெரும்பாலும் கிடைத்த விடை.

அந்த விடையை நான் மறுக்கவில்லை. அதே கேள்வியை எலியிடமே கேட்டுக்கொண்டிருப்பதுதான் உறுத்துகிறது.

இந்தத் துறை பிறந்ததும் ஆய்வகத்தில்தான். 1960-களில் புடாபெஸ்ட்டில் எண்ட்ரே மெஸ்டர் ரூபி லேசரால் கட்டிகளை அழிக்கப் பார்த்தார். கருவியின் திறன் போதவில்லை; ஆனால் சுண்டெலிகளுக்குச் சிரைத்த இடத்தில் முடி விரைவாக வளர்ந்தது. செல்லின் மைட்டோகாண்ட்ரியாவிலுள்ள ஒரு நொதி சிவப்பு ஒளியை உறிஞ்சுவதும், ரத்தக்குழாய்கள் விரிவதும் காரணமாகப் பின்னர் சொல்லப்பட்டன.

ஆய்வுகளை ஒன்றோடொன்று ஒப்பிடப் போனால்தான் சிக்கல் தெரியும். அளவை 'சதுர செ.மீ.க்கு இத்தனை ஜூல்' என்று எழுதுவது வழக்கம். ஒரு குழு 10 ஜூல் என்று எழுதுகிறது. அதன் கதிர் விழும் புள்ளியோ 0.04 சதுர செ.மீ. அந்த ஒரு புள்ளியில் மட்டும் காட்டினால் எலிக்குச் சேர்வது 0.4 ஜூல். வேறொரு குழு அதே 10 ஜூலை 30 சதுர செ.மீ. மடல் முழுக்கக் காட்டினால் 300 ஜூல். காகிதத்தில் ஒரே எண், உடலில் 750 மடங்கு வேறுபாடு! ஒளி குறைந்தால் பயனில்லை, மிஞ்சினால் தடையாகும் என்று இத்துறையினரே சொல்கிறார்கள். அப்படியிருக்க, புள்ளியின் பரப்பைக்கூடக் குறிப்பிடாத கட்டுரையை எந்தக் கணக்கில் வைப்பது?

எலித் தோலும் நம் தோலும் வேறு. எலிக்குத் தோலடியில் மெல்லிய தசைப்படலம் உண்டு. தோல் உடலோடு ஒட்டாமல் சட்டைபோல் நகரும். தைத்த மடல் கீழுள்ள திசுவிலிருந்து ரத்தம் பெற்றுவிடக்கூடும் என்பதால் சிலர் இடையில் பிளாஸ்டிக் தாள் வைக்கிறார்கள், சிலர் வைப்பதில்லை. எலியின் மெல்லிய மடலை ஒளி ஊடுருவிவிடும். மனிதரின் வயிற்றிலிருந்து கொழுப்போடு எடுக்கும் மடலில் சில மில்லிமீட்டரைத் தாண்டுவதற்குள் பெரும்பகுதி மங்கிவிடும். போதாததற்கு, ஆய்வக எலி பெரும்பாலும் இளையது, நோயற்றது. மடல் கறுத்துப்போகுமோ என்று மருத்துவர் அஞ்சுவது சர்க்கரை நோயாளியிடமும் புகைபிடிப்பவரிடமும்தான்.

இன்னொன்று, ஒப்பீடு. அறுவை மருத்துவர்களிடம் பழைய உத்தி ஒன்று உண்டு: மடலை ஒரேயடியாகத் தூக்காமல், முதலில் பாதி வெட்டி விட்டுவைப்பது. குறைந்த ரத்தத்துக்குத் தோல் பழகி, உள்ளே குழாய்கள் விரிந்த பிறகு, ஓரிரு வாரம் கழித்து முழுதாகத் தூக்குவார்கள். கருவிச் செலவு இல்லை. ஆனால் நோயாளி இரண்டு முறை அறுவை அரங்குக்குப் போக வேண்டும். லேசர் அந்த ஒரு முறையை மிச்சப்படுத்துமா என்பதல்லவா கேள்வி? அணைத்த கருவியை வெல்வது பெரிய வெற்றியல்ல.

ஒளிச் சிகிச்சையே வீண் என்பது என் கட்சியல்ல. புற்றுநோய் சிகிச்சையில் வரும் வாய்ப்புண்ணைத் தடுக்க, அலைநீளம், ஆற்றல் ஆகியவற்றைக் குறிப்பிட்டே பன்னாட்டு வழிகாட்டிகள் இதைப் பரிந்துரைக்கின்றன. நோயாளிகளிடம் நடந்த சோதனைகள் அதற்கு ஆதாரமாயின. தோல் மடலுக்கும் அதுவே வழி. இடையில் ஒரு விலங்கு வேண்டுமென்றால் பன்றி இருக்கிறது. அதன் தோல் நம் தோலைப்போல் கீழ்த்திசுவோடு ஒட்டியது. 670 நானோமீட்டர் அலைநீளத்துக்குப் பதில் 660 என்று மாற்றி இன்னொரு எலி ஆய்வுக்கு விண்ணப்பம் வந்தால், நெறிக்குழு முதலில் முந்தைய ஆய்வுகளின் மொத்த ஜூல் கணக்கைக் கேட்கட்டும்.