வரிச்சீட்டும் ஓர் ஆவணமே

1983ஆம் ஆண்டு வன்செயலின்போது தோட்டத்தை விட்டு வன்னிக்கு ஓடி, அங்கே காடு வெட்டிக் கமம் செய்து, போர் துரத்தியபின் மறுபடியும் மலைநாட்டுக்கே வந்து சேர்ந்த குடும்பம் ஒன்றை அறிவேன். பேராதனைக்கு அப்பால் இருபது பேர்ச் காணி வாங்கி வீடு கட்டியிருக்கிறார்கள். அந்த வீட்டுத் தாய் ஒருநாள் ஒரு கடிதத்தோடு வந்தார். முழுவதும் சிங்களம். பல வருட வரி நிலுவை, கட்டத் தவறினால் வீட்டுப் பொருள்களைக் கைப்பற்ற வாரண்டு வரும் என்று இருந்தது.

"வருஷா வருஷம் வந்ததுதான் சாமி. ஆனா பழைய காணிக்காரர் பேருல வந்திச்சி. நமக்கில்லன்னு வச்சிட்டோம்" என்றார்.

நம்மவர் பலர் தவறுவது இங்கேதான். வடக்கில் சோலைவரி என்றும் அரச கடிதங்களில் ஆதனவரி என்றும் சொல்லப்படும் இந்த வரி, ஆளைப் பார்த்து அல்ல, ஆதனத்தைப் பார்த்து விதிக்கப்படுவது. (சிங்கள அயலவர் சொல்லும் 'வரிபனம்' நம்முடைய வரிப்பணமேதான்.) காணி கைமாறினால் நிலுவையும் கூடவே வரும். உறுதி எழுதி முடிந்ததோடு சபையின் இடாப்பில் பெயர் தானாக மாறிவிடாது. பதிவு செய்த உறுதியின் பிரதியைக் கொண்டுபோய், பெயர் மாற்றத்துக்கு நாமே விண்ணப்பிக்க வேண்டும். காணி வாங்குமுன் நிலுவை உண்டா என்று சபையில் விசாரிப்பது அதைவிட நல்லது.

எங்கே போவது? பிரதேச செயலகத்துக்கு அல்ல. அது அரச காணி அனுமதிப்பத்திரம் போன்ற அலுவல்களுக்கானது. வீட்டு வரிக்குப் போகவேண்டியது பிரதேச சபைக்கு. பேராதனையைச் சுற்றிக் கங்கவட்ட கோறளை, யட்டிநுவர, உடுநுவர என்று சபைகள் உண்டு. கண்டி நகர எல்லைக்குள் என்றால் மாநகர சபை.

கட்டடங்கள் செறிந்த பகுதி என்று வர்த்தமானியில் பிரகடனப்படுத்திய இடங்களிலேயே பிரதேச சபை இவ்வரியை அறவிடலாம். ஆகவே உங்கள் வீடு அதற்குள் வருகிறதா என்று முதலில் கேளுங்கள். வீட்டை வாடகைக்கு விட்டால் வருடத்துக்கு என்ன கிடைக்கும் என்று மதிப்பிட்டு, அதில் ஒரு வீதத்தை வரியாக விதிப்பார்கள். மதிப்பு 12,000 ரூபா, வீதம் 6 என்று வைத்துக்கொண்டால் வரி 720 ரூபா, காலாண்டுக்கு 180. முழுத் தொகையையும் தை 31க்குள் கட்டுவோருக்கு 10 வீதம் கழிப்பது வழமை. 648 ரூபாவோடு வருடம் தீர்ந்துவிடும். மதிப்பு அதிகம் என்று தோன்றினால், அறிவித்தலில் குறித்துள்ள நாளுக்குள் எழுத்தில் ஆட்சேபிக்கலாம். நாள் தவறினால் யாரிடம் முறையிட்டும் பயனில்லை.

வரி கட்டினால் காணி சொந்தமாகிவிடாது, உறுதிதான் உறுதி. ஆனாலும் பெயர் பொறித்த பற்றுச்சீட்டு, இந்த வீட்டில் இத்தனை வருடமாக நீங்கள் இருக்கிறீர்கள் என்பதற்குச் சான்று. வன்னிக் காணியை விட்டு வந்தவர்களுக்கு இதன் அருமை தெரியும். பத்து வருடம் தடையின்றி ஆண்டவர் உரிமை கோரலாம் என்பது நாட்டுச் சட்டம். 1983 மே முதல் 2009 மே வரை இடம்பெயர்ந்திருந்தோர் அதனால் பாதிக்கப்படாதிருக்க 2016இல் விசேட சட்டம் வந்தது. அது இரண்டு வருடத்துக்கு மட்டுமே. கையில் காகிதமில்லாத எத்தனை பேர் அதைப் பயன்படுத்தியிருப்பார்கள்?

லயத்தில் பிறந்தவர்களுக்கு வரி என்றாலே அந்நியமாகத் தோன்றுவதில் வியப்பில்லை. 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைகள் சட்டம், தோட்டக் குடியிருப்புகளுக்குச் சபைகள் வேலை செய்யத் தடையாகவே இருந்தது. அது திருத்தப்பட்டது 2018இல்தான். முப்பது வருடம் வாக்குக் கேட்டு வந்தவர்கள், பாதை கேட்டபோது துரையைக் கைகாட்டினார்கள். இன்று வரி கட்டுகிறவர் குப்பைக்கும் கானுக்கும் தெருவிளக்குக்கும் கணக்குக் கேட்கலாம். 2025 மே மாதத் தேர்தலில் வந்த உறுப்பினர்கள் சபையில் இருக்கிறார்கள். அவர்கள் வீட்டுக் கல்யாணத்துக்கு மட்டும் போய் வந்தால் போதாது.

இயேசுவிடம் கோவில் வரி கேட்டபோது, தாம் கடன்பட்டவரல்ல என்று உணர்த்திவிட்டே, பேதுருவுக்கும் சேர்த்துக் கட்டச் செய்தார் என்கிறது மத்தேயு நற்செய்தி. உரிமையைப் பேசினார், கட்டவும் செய்தார்.

அந்தத் தாய் நிலுவையைத் தவணையாகக் கட்டிவருகிறார். பெயர் மாற்றக் கடிதத்தைத் தமிழிலேயே எழுதினோம். அரச காரியாலயத்துக்குத் தமிழில் எழுதவும், தமிழில் பதில் பெறவும் நமக்கு அரசியலமைப்பு தந்த உரிமை உண்டு. இரண்டு மாதமாகியும் பதில் வராததால் மீண்டும் எழுதியிருக்கிறோம், அதுவும் தமிழில்.