பழைய புத்தகம் போதும், லினக்ஸ் கற்கலாம்

லினக்ஸ் கற்க எந்த கோர்ஸில் சேரலாம், பீஸ் எவ்வளவு ஆகும்? புதிதாக கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் என்னிடம் அடிக்கடி கேட்பது இதைத்தான். நான் வசிக்கும் மரக்காணம் பகுதியில் மழை தொடங்கினால் உப்பள வேலை நின்றுவிடும். ஐப்பசி, கார்த்திகையில் வருமானம் இல்லாத வீட்டில் கோர்ஸ் பீஸ் சின்ன விஷயம் அல்ல. இருப்பதும் பெரும்பாலும் செகண்ட் ஹேண்ட் லேப்டாப். விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14ல் முடிந்ததும், "இனி இது தேறாது" என்று சொல்லிவிடுகிறார்கள். லினக்ஸ் இன்ஸ்டால் செய்தால் அதில் பலவும் இன்னும் சில வருடம் உழைக்கும்.

அடிப்படை கற்க பீஸ் கட்டத் தேவையில்லை என்பதே என் கருத்து. து. நித்யா எழுதிய 'எளிய தமிழில் குனு/லினக்ஸ்' புத்தகத்தை ஃப்ரீ தமிழ் ஈபுக்ஸ் தளத்தில் இலவசமாக டவுன்லோட் செய்யலாம். 2012 ஜனவரியில் தொடங்கிய கணியம் இணைய இதழிலும் நிறைய கட்டுரைகள் உள்ளன. இவை கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் வந்தவை. பக்கத்து வீட்டுப் பையனுக்கு பென் டிரைவில் காப்பி செய்து தரலாம், ஜெராக்ஸ் எடுக்கலாம். திருட்டு காப்பி ஆகாது. எழுதியவர் பெயரை மட்டும் நீக்கிவிடாதீர்கள்.

பழைய புத்தகமாயிற்றே என்கிறீர்களா? படங்கள் இன்றைய திரையோடு ஒத்துவராது, உண்மைதான். இன்ஸ்டால் செய்யும் பகுதியைத் தாண்டிச் சென்று, அதற்கு மட்டும் புதிய குறிப்பைப் பாருங்கள். ஆனால் கட்டளைகள் அப்படியல்ல. பைல்களைப் பட்டியலிடும் எல்.எஸ்., காப்பி செய்யும் சி.பி., இடம் மாற்றும் எம்.வி. மூன்றும் 1971ல் வந்த முதல் யுனிக்ஸ் கையேட்டிலேயே இருப்பவை. லினக்ஸில் இன்றும் அதே பெயர்தான். ஐம்பது வருடம் மாறாததை பத்து வருடப் புத்தகத்தில் படித்தால் என்ன குறை?

ஒன்று மட்டும் கண்டிப்பு. புத்தகத்தை கதைப் புத்தகம் போல படுத்துக்கொண்டு படிக்காதீர்கள். டெர்மினலைத் திறந்து வைத்து, ஒவ்வொரு கட்டளையையும் நீங்களே டைப் செய்யுங்கள். எம், கே, டி, ஐ, ஆர் என்று சிறிய எழுத்தில் அடித்து, இடைவெளி விட்டு 'உப்பு' என்று தமிழிலேயே பெயர் கொடுத்தால் ஒரு போல்டர் உருவாகும். பயிற்சி எல்லாம் அதற்குள் இருக்கட்டும். ஆர்.எம். கட்டளையிடம் ஜாக்கிரதை; அழித்த பைல் குப்பைத் தொட்டிக்குப் போகாது, போனது போனதுதான்.

ஐஐடி பம்பாயின் ஸ்போக்கன் டுடோரியலில் தமிழ் வீடியோக்களும் இலவசமாகக் கிடைக்கின்றன. நல்லவைதான். என் ஓட்டு புத்தகத்துக்கே. 2024 நவம்பர் 30ல் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தது போன்ற நாட்களில் இந்தக் கரையில் நெட்டை நம்ப முடியாது. ஹார்ட் டிஸ்கில் உள்ள புத்தகத்துக்கு நெட் வேண்டாம். எம்.ஏ.என். என்று அடித்து கட்டளையின் பெயரைக் கொடுத்தால் லினக்ஸே விளக்கம் காட்டும். அது ஆங்கிலத்தில் இருக்கும். தமிழ்ப் புத்தகத்தை முடித்த பிறகு பார்த்தால் மிரட்டாது.

அப்படியும் புரியாவிட்டால் விழுப்புரத்தில் குனு/லினக்ஸ் பயனர் குழு இருக்கிறது, இலவசமாகவே சொல்லித் தருகிறார்கள். திண்டிவனத்தில் பஸ் மாற வேண்டும். போகும்போது திரையில் வந்த எரர் மெசேஜை ஒரு எழுத்து விடாமல் பேப்பரில் எழுதிக்கொண்டு போங்கள்.