‘ஆதரவு இல்லை’ என்று சொல்பவர் யார்?

“இந்த அட்டைக்கு இப்போது ஆதரவு இல்லை. புதிய கணனி ஒன்று எடுப்பதுதான் நல்லது.” கணனிக் கடைகளில் இன்று அடிக்கடி கேட்கும் வார்த்தை இது. வெங்காயம் விற்ற காசிலோ, வெளிநாட்டில் உள்ள உறவினர் அனுப்பிய காசிலோ பிள்ளையின் படிப்புக்கென்று ஒரு பழைய மேசைக் கணனியை வாங்கிய குடும்பத்திற்கு இது இலேசான வார்த்தை அல்ல. இன்னொரு போகத்தின் வருமானத்தை எடுத்து வை என்பதுதான் அதன் பொருள்.

அட்டை என்றதும் எமது வாசகர் பலருக்கு நிவாரண அட்டை நினைவுக்கு வரும். அதை வெட்டியவர் யார் என்பதாவது எமக்குத் தெரிந்திருந்தது. இங்கே பேசுவது கணனிக்குள் செருகப்படும் வரைகலை அட்டையைப் பற்றி. கடைகளில் ‘கிறபிக்ஸ் காட்’ என்பார்கள். கணனி செய்கின்ற வேலையைப் படமாக்கித் திரைக்கு அனுப்புவது இது. இந்த அட்டை விடயத்தில் ‘ஆதரவு இல்லை’ என்று சொல்வது யார், ஏன் சொல்கிறார், அதை அப்படியே நம்ப வேண்டுமா என்பவைதான் கேள்வி.

இந்தக் கேள்விக்கு இப்போது அவசரமும் உண்டு. மைக்றோசொப்ட் நிறுவனம் விண்டோஸ் 10இற்கான பொது ஆதரவை 2025 ஒக்ரோபர் 14ஆம் திகதியுடன் நிறுத்தியது. விண்டோஸ் 11ஐ, இன்ரெல் கணனி என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறைக்கு முந்தியவற்றில் அது ஏற்பதில்லை. எனவே நல்ல நிலையில் உள்ள அலுவலகக் கணனிகள் உலகெங்கும் கழிக்கப்படுகின்றன. அவற்றில் ஒரு பகுதி பழைய சாமான் சந்தை வழியாகவும் நன்கொடையாகவும் எம்மைப் போன்றோர் கைக்கு வந்து சேரும்.

‘ஆதரவு இல்லை’ என்பது இயந்திரத்தின் நோயைச் சொல்லும் வார்த்தை அல்ல என்பது எனது கருத்து. அது ஒரு கம்பனியின் தீர்மானத்தைச் சொல்லும் வார்த்தை. ஆதரவில்லாத அட்டையைப் பழைய கணனியில் வேலை செய்ய வைக்க மூன்று பூட்டுகளைத் திறக்க வேண்டியிருக்கிறது. முதல் இரண்டையும் கைத்திறமையும் பொறுமையும் உள்ளவர் திறந்துவிடலாம். மூன்றாவது பூட்டின் திறப்பு யார் கையில் இருக்கிறது என்பதில்தான் எல்லாம் தங்கியிருக்கிறது.

முதலாவது பூட்டு மின்சாரமும் இடமும். அட்டை செருகப்படும் துளை 75 வாட்ஸ் வரைதான் கொடுக்கும். அதற்கு மேல் வேண்டிய அட்டைக்குத் தனியான வயர் வேண்டும்: ஆறு முனைப் பிளக் 75 வாட்ஸ், எட்டு முனைப் பிளக் 150 வாட்ஸ். அலுவலகச் சிறு பெட்டிகளின் மின் வழங்கியோ மொத்தமே 240 வாட்ஸ் அளவில்தான் இருக்கும். அட்டைக்கான பிளக்கும் அதில் இருப்பது அருமை. இதற்குச் சிலர் ஹாட் டிஸ்க்குக்குப் போகும் மின் பிளக்கில் ஒரு மாற்று வயரைப் பூட்டி அட்டைக்குக் கொடுக்கிறார்கள். தயவுசெய்து இதைச் செய்ய வேண்டாம். அந்தப் பிளக் தாங்கக்கூடியது 54 வாட்ஸ்தான். அதில் 75 வாட்ஸ் இழுத்தால் பிளக் உருகும், தீயும் பிடிக்கலாம். ஓலைக் கொட்டிலில் கணனி வைத்திருப்பவர்கள் இதை இரண்டு தடவை வாசிக்கவும். மேலதிக வயர் கேட்காத சிறிய அட்டைகள் இருக்கின்றன. என்விடியாவின் ஜி.ரி. 1030 வெறும் 30 வாட்ஸ், ஏ.எம்.டி.யின் றேடியன் ஆர்.எக்ஸ். 550 சுமார் 50 வாட்ஸ். பெட்டி ஒடுக்கமானது என்றால் அரை உயர அட்டையாகப் பார்க்க வேண்டும். அட்டையும் துளையும் வெவ்வேறு தலைமுறையாக இருந்தாலும் பொதுவாகப் பொருந்தும். வேகம் சற்றுக் குறையும், அவ்வளவுதான்.

இரண்டாவது பூட்டு, மின் போட்டவுடன் அட்டையும் கணனியும் பேசுகின்ற முதல் மொழி. பழைய கணனிகள் ‘பயோஸ்’ என்ற மொழியில் எழும்பும், புதியவை ‘யூ.ஈ.எப்.ஐ.’ என்ற மொழியில். இரண்டும் ஒன்றையொன்று விளங்காவிட்டால் திரை கறுப்பாகவே இருக்கும். அட்டை பழுது என்று எறியப்பட்டவற்றில் சில உண்மையில் பழுதானவை அல்ல. தொடக்க அமைப்பில் ‘லெகசி’ என்ற தெரிவை மாற்றியிருந்தால் போதும்.

இந்தப் பூட்டைத் திறந்தவர்களின் கதைகளில் எனக்கு மிகவும் பிடித்தது அப்பிள் நிறுவனத்தின் கணனிகளைப் பற்றியது. எங்களூர்ச் சந்தையில் காணக்கிடைக்காத விலையுயர்ந்த பெட்டிகள்தான். ஆனாலும் மூன்று பூட்டுகளும் அந்த ஒரே பெட்டியில் தெளிவாகத் தெரிகின்றன. பவர் மக் ஜி4 காலத்தில், தனது சொந்தத் திரைக்கென்று அட்டைத் துளையின் சில முனைகளை அப்பிள் வேறு வேலைக்குப் பயன்படுத்தியது. சாதாரணக் கணனிக்கென்று செய்த அட்டையை அதில் செருகியவர்கள், மூன்றாவது முனையையும் பதினோராவது முனையையும் ஒட்டுநாடாவால் மூடினார்கள். அட்டை வேலை செய்தது. பின்னர் 2006இல் மக் ப்ரோ வந்தது. அதற்கென்று எழுதப்பட்ட தொடக்க நிரல் இல்லாத அட்டை எழும்பும்போது எதையும் காட்டாது. சாதாரண அட்டையின் நினைவுச் சில்லில் மக் நிரலைத் தாமே எழுதி மாற்றினார்கள் சிலர். சில்லில் இடம் போதாத அட்டைகளில் சில்லையே கழற்றிப் பெரியதை ஈயம் வைத்து ஒட்டியவர்களும் உண்டு.

அந்த மக் ப்ரோவின் 2010, 2012 மாதிரிகளில் மின் வழங்கி 980 வாட்ஸ். ஆனால் அட்டைக்குக் கிடைப்பது துளையில் 75, இரண்டு சிறு பிளக்குகளில் 75 வீதம், ஆக மொத்தம் 225 வாட்ஸ் மட்டுமே. கிணறு நிறையத் தண்ணீர் இருந்தும் வாய்க்கால் ஒடுக்கம் என்பது போல. அந்த இரண்டு பிளக்கையும் ஒன்றாக்கி எட்டு முனைப் பிளக்காக மாற்றும் வயர் ஒன்றைக் கொண்டு, 185 வாட்ஸ் அளவு இழுக்கும் றேடியன் ஆர்.எக்ஸ். 580 என்ற அட்டையை அதில் ஓட்டினார்கள். 2018இல் மொஹாவே என்ற புதிய இயங்குதளம் வந்தபோது, அந்த அட்டைகளில் ஒன்றை இந்தப் பழைய கணனிகளுக்கு ஏற்றதென்று அப்பிளே தனது பட்டியலில் சேர்த்துக்கொண்டது. அடுத்த ஆண்டே கற்றலீனா என்ற தளத்துடன் அந்தக் கணனிகளைக் கைவிட்டது. கைவிட்ட பின்னரும் தன்னார்வலர்கள் எழுதிய ‘ஓப்பன்கோர்’ என்ற தொடக்க நிரலைக் கொண்டு மக்கள் அவற்றை ஓட்டினார்கள். முன்பு கறுப்பாக இருந்த தொடக்கத் திரையும் அதனால் தெரிய வந்தது.

இங்கேதான் மூன்றாவது பூட்டு வருகின்றது. அதே 2018இல், அதே மக் ப்ரோவில் என்விடியாவின் ஜி.ரி.எக்ஸ். 980, 1080 போன்ற அட்டைகளைப் பூட்டியிருந்தவர்கள் மொஹாவேக்குப் போக முடியவில்லை. அவை ஆர்.எக்ஸ். 580ஐ விடக் குறைந்த அட்டைகள் அல்ல, விலையும் கூட. குறை ட்ரைவரில்தான். ட்ரைவர் என்பது அட்டையை ஓட்டத் தெரிந்த நிரல். வண்டிக்குச் சாரதி போல. அப்பிள் ஒப்புதல் தராமல் புதிய ட்ரைவரை வெளியிட முடியாது என்றது என்விடியா. ஒப்புதல் வரவில்லை. நல்ல கணனியும் நல்ல அட்டையும் ஒரே பெட்டிக்குள் இருந்தும், பழைய ஹை சியேரா தளத்திலேயே நின்றுவிட்டன. இரண்டு பெரிய கம்பனிகளின் இழுபறிக்குக் காசு கொடுத்தவன் எதுவும் செய்ய முடியாதிருந்தான்.

எமது ஊர்களில் இரண்டு சில்லு உழவு இயந்திரத்தின் பாகம் ஒன்று கடையில் கிடைக்காவிட்டால், லேத் பட்டறையில் கடைந்து எடுப்பார்கள். பழையதைக் கையில் எடுத்து அளந்து பார்க்கலாம் என்பதால் அது முடிகிறது. யாழ்ப்பாணத்தில் மின்சாரமும் பெற்றோலும் இல்லாதிருந்த 1990களில் சைக்கிள் டைனமோவைச் சுற்றி றேடியோ கேட்டார்கள். மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓட்டினார்கள். அவற்றின் உள்ளே என்ன இருக்கின்றது என்பதைத் திறந்து பார்க்க முடிந்தது. மூடிய ட்ரைவரை அப்படித் திறந்து அளக்க முடியாது. எழுதியவனே மூலத்தைத் தந்தால்தான் உண்டு. சொந்தமாக விதைநெல் வைத்திருப்பவனுக்கும் ஒவ்வொரு போகத்துக்கும் கடைக்காரனின் முகம் பார்ப்பவனுக்கும் உள்ள வேறுபாடு இதில் இருக்கிறது.

மூலம் திறந்திருந்தால் என்ன நடக்கும் என்பதற்கு றேடியன் அட்டைகள் சாட்சி. ஏ.எம்.டி. நிறுவனம் 2007இல் தனது அட்டைகளின் உள்விபரங்களை வெளியிட்டு, திறந்த ட்ரைவர் எழுதுவதற்கு வழி விட்டது. தருமத்துக்காகச் செய்ததென்று நான் சொல்லவில்லை. வியாபாரக் கணக்கும் இருந்திருக்கும். ஆனால் பலன் எமக்கும் வந்தது. றேடியன் எச்.டி. 5000, 6000 வரிசைகளை அந்த நிறுவனம் 2015இலேயே பழையவை என்று ஒதுக்கிவிட்டது. விண்டோஸில் அவற்றுக்குப் பின்னர் ஒழுங்கான ட்ரைவர் வரவில்லை. லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்திலோ அவை இன்றும் ஓடுகின்றன. 2012ஐ ஒட்டி வந்த எச்.டி. 7000 வரிசைக்கான விண்டோஸ் ஆதரவை 2021 ஜூனில் நிறுத்தினார்கள். லினக்ஸில் அவற்றின் ட்ரைவரைச் செம்மைப்படுத்தும் வேலை 2025இலும் நடந்தது.

என்விடியாவின் நிலை வேறு. ஜி.ரி.எக்ஸ். 600, 700 வரிசை அட்டைகளில் பெரும்பாலானவற்றுக்கு 2021இல் வழமையான ட்ரைவர் நிறுத்தப்பட்டது. 900, 1000 வரிசைகளுக்கு 2025இல் நின்றது. 2028 வரை பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டுமே. மேலே சொன்ன ஜி.ரி. 1030உம் இதற்குள் அடங்கும். தன்னார்வலர்கள் ‘நூவோ’ என்ற பெயரில் ஒரு திறந்த ட்ரைவரை எழுதினார்கள். ஆனால் 900, 1000 வரிசைகளில் அட்டையின் வேகத்தைக் கூட்டுவதற்குக் கம்பனி கையொப்பமிட்ட நிரல் வேண்டும். அது வெளியாருக்குக் கிடைக்காததால் அந்த அட்டைகள் நூவோவில் ஆரம்ப வேகத்திலேயே ஊர்கின்றன. எருதின் காலில் கட்டை கட்டிவிட்டு உழச் சொல்வது போலத்தான். லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோவால்ட்ஸ் 2012இல் பின்லாந்தில் ஒரு பல்கலைக்கழகக் கூட்டத்தில் இந்தக் கம்பனியைப் பற்றிச் சொன்ன வார்த்தையை இந்தப் பக்கத்தில் அச்சிட முடியாது. 2022இல் என்விடியா ஒரு பகுதி மூலத்தைத் திறந்தது உண்மை. ஆனால் அது 2018இற்குப் பின் வந்த அட்டைகளுக்கே பயன்படும். எமது கைக்கு வரும் பழையவற்றுக்கு அல்ல.

ஆகவே பழைய கணனிக்கு அட்டை வாங்குவதென்றால், வேகம் சற்றுக் குறைந்தாலும் திறந்த ட்ரைவர் உள்ள றேடியனையே வாங்குங்கள் என்பேன். இன்ரெல் நிறுவனத்தின் ட்ரைவரும் திறந்ததுதான். ஆனால் 2022இல் வந்த அதன் ‘ஆர்க்’ அட்டைகள் புதிய மதர்போட்டையே எதிர்பார்க்கின்றன. பழைய பெட்டியில் அவை தவழும். விளையாட்டுப் பிரியரான பிள்ளைகள் இந்த ஆலோசனையை விரும்பமாட்டார்கள் என்பது தெரியும். சில விளையாட்டுகளும் சில தொழில் நிரல்களும் லினக்ஸில் ஓடா. அப்படியான தேவை உள்ளவர் தமது கணக்கைத் தாமே பார்த்துக்கொள்ள வேண்டும்.

இன்னொன்றையும் சொல்லியே ஆகவேண்டும். பெரும்பாலான குடும்பங்களுக்குத் தனி அட்டையே தேவையில்லை. கடிதம் தட்டச்சு செய்ய, பாட வீடியோ பார்க்க, விண்ணப்பம் நிரப்ப, கணனிக்குள் ஏற்கெனவே இருக்கும் வரைகலைச் சில்லே போதும். அது பழுதானால், அல்லது பிள்ளை வீடியோ வெட்டி ஒட்டும் தொழில், கட்டட வரைபடம் போன்றவற்றைப் படிக்கின்றது என்றால், அட்டையைப் பற்றி யோசிக்கலாம். கணனியின் விலையில் பாதிக்கு மேல் அட்டைக்குக் கொடுப்பது மடமை.

வாங்கப் போகும்போது, லினக்ஸ் ஏற்றிய ஒரு யூ.எஸ்.பி. குச்சியைக் கையோடு கொண்டு போங்கள். கணனி தெரிந்த இளைஞர் யாராவது அரை மணித்தியாலத்தில் தயாரித்துத் தருவார். விற்பவரின் முன்னிலையிலேயே அட்டையைச் செருகி, ஹாட் டிஸ்க்கைத் தொடாமல் அந்தக் குச்சியில் இருந்து கணனியை எழுப்புங்கள். திரை முழு அளவில் தெளிவாக வருகிறதா, ஒரு வீடியோ பத்து நிமிடம் தடங்கலின்றி ஓடுகிறதா, காற்றாடி சுற்றுகிறதா என்று பாருங்கள். பின்னர் மின்னை நிறுத்தி, பிளக்கைத் தொட்டுப் பாருங்கள். சுட்டால் அந்த அட்டையை அங்கேயே வைத்துவிட்டு வாருங்கள்.