வேகத்துக்குக் கட்டும் வாடகை

மாதம் 399 ரூபாய் என்று விளம்பரம் சொல்லும்; பில்லில் 470 ரூபாய் 82 காசு வரும். கூடுதல் தொகை 18 சதவீத ஜிஎஸ்டி. பிராட்பேண்ட் திட்டங்களை ஒப்பிடுபவர் வரி சேர்ந்த தொகையைத்தான் பார்க்க வேண்டும். அடுத்தது வேகம். எச்டி படம் ஓட நொடிக்கு 5 மெகாபிட் போதும். 4கே தரமும் 25க்குள் அடங்கிவிடும். ஒரு டிவி, இரண்டு மொபைல், ஓர் ஆன்லைன் வகுப்பு உள்ள வீட்டுக்கு 50 மெகாபிட் தாராளம். ஆனால், படுக்கையறையில் வீடியோ சுற்றிக்கொண்டே நின்றால் உடனே 200க்குத் தாவிவிடுகிறோம். பல வீடுகளில் குற்றவாளி, டிவிக்குப் பின்னால் கான்கிரீட் மூலையில் பதுங்கியிருக்கும் ரவுட்டர்தான். அதை வீட்டின் நடுவில், சற்று உயரத்தில் வையுங்கள். டிவியை லேன் கேபிளில் இணையுங்கள். திட்டத்தோடு வரும் ‘இலவச’ ஓடிடியின் விலையும் மாத வாடகைக்குள்தான் இருக்கிறது. பார்க்காத படத்துக்கு எதற்கு டிக்கெட்? 799 ரூபாய் திட்டத்திலிருந்து 399க்கு இறங்கினால், வரியோடு சேர்த்து ஆண்டுக்கு 5,664 ரூபாய் மிச்சம். ஆறு மாதச் சந்தாவின் தள்ளுபடிக்கு மயங்குமுன், ஒரு மாதம் சின்னத் திட்டத்தில் ஓட்டிப் பாருங்கள். வீட்டில் யாரும் முகம் சுளிக்கவில்லை என்றால், அதுதான் உங்களுக்கான திட்டம்.