கண்ணைக் காக்கும் வில்லை

சாலையோரங்களில் புல்வெட்டும் தொழிலாளர்களை நாம் அன்றாடம் காண்கிறோம். இயந்திரம் சுழலும் வேகத்தில் ஒரு சிறு கல் தெறித்தாலும், இமை மூடுவதற்குள் அது விழியைத் தாக்கிவிடும். ஆகவே, அவர்களுள் பலர் கண்ணாடி அணிகின்றனர். ஆனால், ஏதோ ஒரு கண்ணாடியை அணிந்தால் போதுமா? போதாது. அதன் வில்லை எந்தப் பொருளால் ஆனது என்பதையும் கவனிக்க வேண்டும் என்பதே என் கருத்து.

சாதாரணக் கண்ணாடி வில்லையில் எளிதில் கீறல் விழாது. எனினும், பலத்த அடிபட்டால் அது உடைந்து சிதறும். அப்போது கண்ணைக் காக்க வேண்டிய வில்லையே கண்ணைக் கிழிக்கும் கருவியாகிவிடும். இதற்கு மாற்றாக அமைந்ததுதான் பாலிகார்பனேட் என்னும் நெகிழி. 1953-ஆம் ஆண்டில் ஜெர்மனியிலும் அமெரிக்காவிலும் வேதியியலாளர்கள் தனித்தனியே இதனை உருவாக்கினர். இதன் எடை, அதே அளவுள்ள கண்ணாடியின் எடையில் ஏறக்குறைய பாதிதான். அடிபட்டால் இது நொறுங்காமல் சற்று வளைந்து கொடுத்து அதிர்ச்சியைத் தாங்கும். ஐரோப்பாவின் இ.என். 166 தரத்திற்குரிய ஒரு சோதனையில், 6 மில்லிமீட்டர் எஃகுக் குண்டை வினாடிக்கு 45 மீட்டர் வேகத்தில் வில்லையின்மீது செலுத்தி வந்தனர். அது மணிக்கு 162 கிலோமீட்டர் வேகமாகும்! இரவுச் சந்தையில் வாங்கிய கறுப்புக் கண்ணாடியை நம்பி இத்தகைய அடியை எதிர்கொள்ள முடியுமா?

அதே வேளையில், பாலிகார்பனேட் எல்லா வேலைக்கும் பொருந்தும் என எண்ணுவதும் தவறு. அதில் கீறல் எளிதில் விழும். அதனால் கடினமான மேற்பூச்சு தேவை. அசிட்டோன் போன்ற கரைப்பான் பட்டால் அது மங்கி, வெடிப்பு விடும். வெல்டிங் செய்பவருக்கோ தெளிவான வில்லை உதவாது. கூசும் ஒளியைக் குறைக்கும் கருநிற வில்லையே அவருக்கு வேண்டும். வேலைக்கேற்ற வில்லையைத் தேர்ந்தெடுப்பதே அறிவுடைமை.

“கண்ணாடியில் ஆவி படிகிறது, கீறல் விழுந்து பார்வை மறைகிறது. அதனால்தான் கழற்றிவிடுகிறோம்” எனத் தொழிலாளர் சிலர் கூறுவர். வெயிலில் வியர்வை சிந்த உழைப்பவரின் இக்குறையைப் புறக்கணிக்க இயலாது. ஆனால், கழற்றி வைப்பது அதற்குத் தீர்வாகாது. ஆவி படியாத மேற்பூச்சுள்ள கண்ணாடியை வழங்குவதும், கீறல் விழுந்ததை உடனே மாற்றித் தருவதும் முதலாளியின் கடமை. மலேசியாவின் 1994-ஆம் ஆண்டு வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டத்தின்படி, முதலாளி அச்சட்டத்திற்கிணங்க வழங்கும் பாதுகாப்புச் சாதனத்திற்குத் தொழிலாளரிடம் பணம் வசூலிக்கக்கூடாது. கொடுத்த சாதனத்தை முறையாக அணிவது தொழிலாளரின் கடமை எனவும் அச்சட்டம் கூறுகிறது.

தரமான கண்ணாடிக்குச் செலவு கூடும் எனத் தயங்கும் முதலாளிகளும் உண்டு. வில்லை பழுதானால் வேறு வாங்கலாம். பார்வை போனால் எந்தக் கடையில் வாங்குவது? பள்ளிப் பட்டறையில் மரம் அறுக்கும் மாணவர்களுக்கும் இது பொருந்தும். வேலையைத் தொடங்குமுன், “இந்த வில்லை இந்த வேலைக்கு ஏற்றதா?” என்று கேட்டுப் பழகுவோம். கண் கெட்ட பிறகு சூரிய வணக்கம் செய்து பயனில்லை.