முறிந்த பத்தியமும் மீளும் நெறியும்

மருந்தும் பத்தியமும் இரண்டல்ல என்பது நம் முன்னோர் கொண்ட துணிபு. சித்த வைத்தியர் மருந்தைக் கையிற் கொடுக்குமுன்னரே இன்னது உண்க, இன்னது ஒழிக்க என்று வரையறுப்பர். மருந்துண்ணும் நாள் கழிந்த பின்னரும் சின்னாள் அவ்வரையறையைக் காத்தல் வேண்டுமென்று கூறி, அதற்கு மறுபத்தியம் என்று பெயருமிட்டனர். திருவள்ளுவரும் மருந்து என்னும் அதிகாரத்துள் எந்த மருந்தின் பெயரையும் எடுத்தோதாது, முன்னுண்டது செரித்தபின் அளவோடு உண்ணும் ஒழுக்கத்தையே பெரும்பாலும் வற்புறுத்தினார். இப்பழங்கொள்கையை இக்காலத்துப் புதிய சிகிச்சையொன்றின் அருகில் வைத்து ஆராய்வதே எமது நோக்கம். அச்சிகிச்சையாவது, மிக்க உடற்பருமனைக் குறைத்தற்பொருட்டு இரைப்பையைச் சிறிதாக்கும் சத்திர சிகிச்சையாம்.

இது செல்வர் சிலரைப் பற்றிய செய்தியன்றோ, நமக்கென்ன என்று சிலர் வினவலாம். 2019 முதல் 2021 வரை நிகழ்ந்த ஐந்தாம் தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டுப் பெண்களில் நூற்றுக்கு ஏறத்தாழ 40 பேரும் ஆண்களில் 37 பேரும் தம் உயரத்திற்குத் தக்க அளவினும் மிகுந்த எடையுடையர். இவருள் மிகச் சிலரே சத்திர சிகிச்சைக்கு உரியர் எனினும், அச்சிலரின் தொகையும் ஆண்டுதோறும் பெருகி வருகின்றது. 2024-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் சென்னையை அடுத்ததொரு தனியார் வைத்தியசாலையில் இச்சிகிச்சைக்கு உட்பட்ட இளைஞர் ஒருவர் உயிர் நீத்த செய்தி நாடெங்கும் பேசப்பட்டது; அரசினர் விசாரணையும் நடந்தது. அவ்வாறு பேசியது தக்கதே. ஆயினும் பேச்செல்லாம் சத்திர மேசையின்மேல் நிகழும் ஒருநாட் செயலைப் பற்றியதாகவே இருந்தது. மேசையினின்று நலமாக எழுந்து வீடு வந்தவர் பின்வரும் ஆண்டுகளில் எவ்வாறு உண்கின்றனர், வழி தவறினால் எவ்வாறு மீள்கின்றனர் என்பதைப் பேசுவார் அரியர். அப்பேச்சே இன்று வேண்டுவது என்பது எம் கருத்து.

முதற்கண் இச்சிகிச்சை செய்வது யாது என்பதைச் சிறிது காண்போம். இன்று மிகுதியாகச் செய்யப்படும் முறை இரண்டு. ஒன்றில் இரைப்பையின் ஏறத்தாழ முக்காற்பங்கிற்கு மேலான பகுதியை நீக்கி, எஞ்சியதை ஒரு குழல்போல் ஆக்குவர். மற்றொன்றில் ஏறத்தாழ 30 மில்லி கொள்ளும் ஒரு சிறு பையை மேற்புறத்தே பிரித்து, அதனைச் சிறுகுடலின் கீழ்ப்பகுதியோடு நேரே இணைப்பர். உண்ணும் அளவு குறைவது மட்டுமன்று இதன் பயன். 1999-இல் ஜப்பானிய அறிஞர் கோஜிமா, கங்காவா என்போர் கண்டறிந்த கிரெலின் என்னும் பசியூட்டும் சுரப்பு பெரும்பாலும் இரைப்பையின் மேற்பகுதியில் தோன்றுவது. குழல் முறையில் அப்பகுதி நீங்குதலின் முதல் மாதங்களிற் பசியே அரிதாகின்றது. நோயாளர் இதனை ஒரு புதுப்பிறவி போல் உணர்கின்றனர்.

ஆனால் அப்பசியின்மை என்றும் நிலைப்பதன்று. ஓராண்டோ ஈராண்டோ கழிய, உடல் தன் புதிய அமைப்பிற்குப் பழகிக்கொள்கின்றது; பசி மெல்லத் திரும்புகின்றது. சுவீடன் நாட்டில் 1987-இல் தொடங்கிய பேராய்வொன்று, சிகிச்சை பெற்ற 2,010 பேரையும் பெறாத 2,037 பேரையும் பல்லாண்டு தொடர்ந்து நோக்கிற்று. குடலிணைப்பு முறையைப் பெற்றோர் முதல் ஈராண்டுகளுள் தம் எடையில் நூற்றுக்கு 32 பங்கை இழந்தனர்; பத்தாம் ஆண்டில் அது 25 பங்காக நின்றது. இரைப்பையைச் சுற்றிப் பட்டை கட்டப்பெற்றோர்க்கு 20 பங்கு 14 ஆயிற்று. இவ்வெண்கள் இரண்டு உண்மைகளைக் கூறுகின்றன. எடையிற் சிறிது திரும்புதல் பெரும்பாலார்க்கும் உரிய இயல்பு என்பது ஒன்று. திரும்பியது போகவும் நின்ற பயன் பெரிது என்பது மற்றொன்று. 2007-இல் வெளிவந்த அவ்வாய்வின் முடிவுகளில், சிகிச்சை பெற்றோரிடையே இறப்புங் குறைந்திருந்தமை காணப்பட்டது. ஆகவே எடை சிறிது ஏறியவுடன் எல்லாம் பாழாயிற்று என்று கைவிடுவோர் கணக்கறியாதவராவர்.

இனி, எம் ஊராகிய நெய்வேலிக்கு வருவாம். 1956-இல் நிறுவப்பெற்ற பழுப்பு நிலக்கரி நிறுவனத்தின் பொருட்டு எழுந்தது இந்நகரியம். வட்டம் வட்டமாக வகுக்கப்பட்ட வீடுகளும் நிழல் மரங்களும் உடைய இவ்வூரில் கடிகாரம் ஒன்றன்று, மூன்று. சுரங்கமும் அனல்மின் நிலையமும் இரவு பகல் ஓயாது இயங்குதலின், தொழிலாளர் ஷிப்டு முறையில் மாறி மாறி வேலைக்குச் செல்வர். ஒரு வாரம் காலையில் உண்ட வேளையில் மறுவாரம் உறங்குவர். நள்ளிரவில் கண் விழித்திருக்கத் தேநீரும், தேநீரோடு வடையும் போண்டாவும், விடியலில் வீடு திரும்பி இட்டிலியும், பின் உறக்கமும் என்று நாள் செல்லும். அருகிலுள்ள பண்ணுருட்டியின் பலாவும் முந்திரியும் ஒவ்வொரு வீட்டிலும் உண்டு. இத்தகைய ஊரிற் பத்தியம் காத்தல் எத்துணை அரிது என்பதை வெளியூரார் அறியார்.

எமக்குப் பெரியப்பா முறையினராகிய சுரங்கத் தொழிலாளர் ஒருவர், நீரிழிவும் முழங்கால் வலியும் மிக்கு இச்சிகிச்சையைச் செய்துகொண்டார். முதலாண்டிற் பெருநன்மை கண்டார். படிகளில் இளைப்பின்றி ஏறினார். மூன்றாம் ஆண்டில் எடை மீளத் தொடங்கிற்று. "வைத்தியரைப் பார்த்து எத்துணை நாளாயிற்று, பெரியப்பா?" என்று யாம் வினவியபோது, "எந்த முகத்தோடு அவரிடம் போவது, தம்பி? கத்தி வைத்தும் திருந்தாதவன் என்றுதானே நினைப்பார்" என்றார். இவ்விடையிலேதான் நோயின் வேர் இருக்கின்றது என்று எமக்குத் தோன்றிற்று. அவரை வைத்தியரிடமிருந்து விலக்கியது நாணமேயன்றி நாவின் சுவையன்று.

பத்தியம் முறிவது எங்ஙனம் என்பதை அவர் வாழ்க்கையைக் கொண்டே விளக்கலாம். அவர் ஒருபொழுதும் இலை நிறைய உண்டவரல்லர். சிறிய இரைப்பை அதற்கு இடங்கொடாது. ஆனால் கையளவு மிக்சரை இருமணி நேரம் கொறிக்கலாம். சர்க்கரையிட்ட தேநீரை ஐந்து முறை பருகலாம். குழைந்த தயிர்ச்சோறும் பிஸ்கோத்தும் தங்காது வழுக்கிச் செல்லும். ஒரு வேளையில் பெரிதும் உண்ண இயலாதவர், வேளையின்றி நாள் முழுதும் உண்டு அதே அளவை எய்திவிடுகின்றனர். உணவோடு நீர் பருகுதலும் அத்தகையதே. நீர் உணவைக் கரைத்துக் கீழே தள்ள, நிறைவு தோன்றுமுன் வயிறு வெறுமையாகின்றது. இரவு ஷிப்டில் உறக்கங் கெட, பசியும் இனிப்பு வேட்கையும் மிகுகின்றன. இவையன்றி, ஒருவர் குற்றத்தாலன்றி நேரும் காரணங்களும் உள: சிலருக்கு இரைப்பைக் குழல் விரிதலும், சிலருக்குத் தைராய்டுக் குறைவும், சிலருக்கு வேறு நோய்க்கு உண்ணும் மருந்துகளும் எடையை ஏற்றும். இவற்றைச் சோதித்து அறிய வல்லவர் வைத்தியரே. நாணத்தால் அவரிடம் செல்லாதார் தம்மையே வீணாகப் பழித்துக்கொண்டிருப்பர்.

மீளும் வழி யாது? தவறான வழியை முதலிற் கூறிவிடுதல் நன்று. சின்னாள் வெறுங் கஞ்சித் தண்ணீரும் பழச்சாறுமாகக் கிடந்தால் இரைப்பை பழையபடி சுருங்கிவிடும் என்னும் நம்பிக்கை பல நாடுகளிலும் உலவுகின்றது. எம் பெரியப்பாவும் ஐந்து நாள் அவ்வாறு இருந்தார்; இரண்டு கிலோ குறைந்தது; ஆறாம் நாள் பசி வெறியாக எழ, ஒரு வாரத்தில் மூன்று கிலோ ஏறிற்று. பட்டினி கிடத்தல் பத்தியமன்று. அதிலும் இச்சிகிச்சை பெற்றோர்க்கு அது தீங்கு. புரதச் சத்துக் குறைந்து தசை கரையும், உயிர்ச்சத்துக்கள் குன்றும். லெந்து நாட்களில் உபவாசம் காக்கும் எம் சபையாருள் இச்சிகிச்சை பெற்றவர் இருப்பின், வைத்தியரைக் கேளாது உணவை ஒழித்தல் தகாது என்பதை ஈண்டே குறித்து வைக்கின்றோம்.

நல்வழியோ மிகவும் பழையது. சிகிச்சை முடிந்து வீடு திரும்பும் நாளில் ஒவ்வொருவர்க்கும் ஓதப்பட்டதே. முதலாவது, வேளை வகுத்து உண்டு, வேளைக்கிடையே கொறித்தலை நிறுத்தல். ஷிப்டு மாறினும் எழுந்த நேரத்திலிருந்து கணக்கிட்டு வேளையை அமைத்துக்கொள்ளலாம். இரண்டாவது, முதற்கவளம் புரதமாக இருத்தல்: முட்டை, மீன், பருப்பு, தயிர், சுண்டல் இவற்றை முன்னும், காய்கறியைப் பின்னும், சோற்றை ஈற்றிலும் வைத்தல். நாளொன்றுக்கு 60 கிராமேனும் புரதம் வேண்டும் என்பது வைத்தியர் பொதுவாகக் கூறும் அளவு. மூன்றாவது, நீரை உணவோடு கலவாது அரைமணி இடைவிட்டுப் பருகுதல். நான்காவது, மெல்ல மென்று தின்னல். நொறுங்கத் தின்றால் நூறு வயது என்னும் பழமொழி இவர்க்கே சொன்னது போலும். ஐந்தாவது, சர்க்கரைப் பானங்களையும் மதுவையும் விலக்கல். குடலிணைப்புப் பெற்றவர்க்கு இனிப்பு விரைந்து குடலிற் புகுந்து படபடப்பும் வியர்வையும் மயக்கமும் விளைப்பதுண்டு, மதுவும் விரைந்து இரத்தத்திற் கலக்கும். ஆறாவது, வைட்டமின் பி12, இரும்பு, சுண்ணச் சத்து முதலியவற்றை வைத்தியர் விதித்தபடி வாழ்நாள் முழுதும் உட்கொள்ளலும், ஆண்டுதோறும் இரத்தம் சோதித்தலும். வாந்தி நில்லாது தொடரின் வீட்டுவைத்தியம் பாராது அன்றே வைத்தியரிடம் செல்லல் வேண்டும்.

இவ்வாறனையும் ஒரே நாளில் மேற்கொள்ள முயல்வோர் ஒரே வாரத்தில் தளர்வர். ஒன்றைப் பற்றி, அது பழக்கமானபின் மற்றொன்றைப் பற்றுக என்பது எம் துணிபு. பெரியப்பா தேநீரிலிருந்து தொடங்கினார்: ஐந்து குவளை இரண்டாயிற்று, சர்க்கரை நீங்கிற்று. பின்னர்ப் பெரியம்மா இரவு ஷிப்டிற்கு வடைக்கு மாறாக அவித்த முட்டையும் கொண்டைக்கடலைச் சுண்டலும் கட்டியனுப்பினார்கள். அதன் பின்னரே அவர் வைத்தியரிடஞ் சென்றார். வைத்தியர் ஏசவில்லை, பலரும் இவ்வாறே வருகின்றனர், வந்ததே நன்று என்றாராம்.

இவ்விடத்து ஒரு தடை எழும். "தன் வாயைத் தான் காத்தல் ஒவ்வொருவரின் கடன், பிறர் என் செய்வர்?" என்பர் சிலர். வாயைக் காத்தல் அவரவர் கடனே; மறுக்கவில்லை. ஆனால் அவ்வாயின்முன் தட்டை நீட்டுபவர் யார்? சிகிச்சைக்குமுன் பருத்தவன் என்று நகைத்த சுற்றத்தாரே, மெலிந்தபின் "என்ன இப்படி வாடிவிட்டீர்கள், இன்னும் இரண்டு போடட்டுமா?" என்று இரங்குகின்றனர். விருந்தில் வேண்டாம் என்பவரை மானக்குறைவு செய்ததாகக் கருதுகின்றனர். கையூட்டு வாங்காதவனுக்குக் கையூட்டைத் திணிப்பது எத்தகையதோ, பத்தியம் காப்பவன் இலையில் இனிப்பைத் திணிப்பதும் அத்தகையதே. விருந்தோம்பல் தமிழர் அறம். விருந்தினர் நலத்தை ஓம்புதலும் அவ்வறத்தின் பாற்பட்டதன்றோ? இரவு வேலை நடக்கும் இடங்களின் சிற்றுண்டிச் சாலைகளில் பொரித்த பண்டத்தோடு சுண்டலும் முட்டையும் மோரும் கிடைக்கச் செய்தல் பெருஞ் செலவன்று; அது சிகிச்சை பெற்ற ஒருவர்க்கன்றி நீரிழிவுடைய நூற்றுவர்க்கும் பயன்படும்.

நெய்வேலிச் சுரங்கத்தைப் பார்த்தோர் ஒன்றை அறிவர். அங்கு நிலக்கரிப் படுகையின் கீழே மிக்க அழுத்தமுடைய நிலத்தடி நீர் உளது. அதனை இறைத்து அழுத்தத்தைத் தணியாவிடின், சுரங்கத்தின் தளம் பிளந்து நீர் மேலெழும். அதனால் 1961-இல் முதல் நிலக்கரி வெளிப்படுமுன் தொடங்கிய இறைப்பு, இந்நாள்வரை ஓயாது நடந்துவருகின்றது. ஒரு நாட் பம்பு நின்றதென்று சுரங்கத்தையே மூடிவிடுவார் எவருமிலர். பழுது நீக்கி மீளவும் இறைப்பர். உணவின் நெறியும் இத்தகையதே. சத்திர சிகிச்சை ஒரு நாளில் முடியும். பத்தியமோ நாடோறும் இறைக்கும் நீர். அது ஒருகால் முறிந்ததென்றால், முறிந்த இடத்திலிருந்தே மறுவேளை தொடங்குக. மறு வருடம் அன்று, மறு திங்களும் அன்று, மறுவேளை.

நம் கல்லூரி மாணவரிற் பலர் இவ்விடுமுறையில் வீடு செல்வர். வீட்டில் இச்சிகிச்சை பெற்ற அத்தையோ மாமாவோ இருப்பின், எடை எவ்வளவு என்று வினவற்க. வைத்தியரைக் காணத் துணைக்கு வரட்டுமா என்று வினவுக. அவ்வொரு வினா, பத்து அறிவுரையினும் மிக்க பயன் தரும்.